சாலையில் யாரும் நிலை உயர்வதில்லை

மங்கா, மன்ஹ்வா ஆகியவற்றின் கதைசொல்லும் முறை பற்றிக் கல்விப்புலத்தில் எழும் பேச்சு பெரும்பாலும் வசையாகத் தொடங்கி வியப்பாக முடிகிறது. அல்லது வியப்பாகத் தொடங்கி வசையாக முடிகிறது. மூத்த பேராசிரியர் அதைச் சிறுபிள்ளைப் படக்கதை என்கிறார். இளம் ஆய்வாளரோ, அதிலுள்ள ‘உலகக் கட்டமைப்பு’ தமிழ்ப் புனைகதையில் எங்கே என்று கேட்கிறார். இருவருமே எதிர்த்தரப்பின் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் பேசிவிட முடிகிறது என்பதுதான் இந்தச் சர்ச்சையின் வசதி. முன்னவர் யோஷிஹிரோ தட்சுமியை வாசித்ததில்லை, பின்னவர் ஆ. மாதவனை வாசித்ததில்லை.

இளையவரின் கேள்வியே முதலில் விடை கோருவது. ஏனெனில் அது இப்போது கருத்தரங்குகளில் கேள்வியாகவன்றி ஆய்வுமுடிவாகவே முன்வைக்கப்படுகிறது. உலகக் கட்டமைப்பு என்று அவர் குறிப்பது என்ன? ஒரு வரைபடம், குலங்களின் பட்டியல், ஆற்றலின் படிநிலை, அந்த ஆற்றலைப் பெறுவதற்கான விதிகள். இவை இருந்தால் உலகம் உண்டு. இல்லையேல் அது வெறும் பின்னணி. இந்த அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைபவருக்கு அங்கே உலகம் எதுவும் தட்டுப்படப் போவதில்லை. கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் ஒரு தெரு. திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சந்தை. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் இடம் மாறிக்கொள்ளும் பேச்சு. அந்தத் தெருவில் பல பத்தாண்டுகள் பாத்திரக் கடை நடத்தியவர் ஆ. மாதவன் (1934–2021). ‘கடைத்தெருக் கதைகள்’ (1974) தொகுப்பிலும், அதற்கு முன்னும் பின்னும் எழுதியவற்றிலும் அவர் வரைபடம் எதையும் விரித்துக் காட்டவில்லை. சுமை தூக்குபவன், உதிரி வேலைக்காரன், சில்லறைத் திருடன், போக்கிரி, பெண்ணை விற்றுப் பிழைப்பவன், தெருநாய், மாடு: இவர்களின் நடமாட்டத்தாலேயே தெரு எழுகிறது. ஒரு கதையின் நடுவில் நிற்கும் கடைவாசல் இன்னொரு கதையில் ஓரமாக வந்துபோகிறது. அத்தெருவின் விதிகளை எந்தப் பாத்திரமும் உரக்கச் சொல்லித் தருவதில்லை. வாசகர் தாமே அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஊருக்குப் புதியவர் கற்றுக்கொள்வது போல.

இந்த முறை உலகக் கட்டமைப்பு ஆகாது என்று வாதிடுபவர், உலகம் என்ற சொல்லுக்கு விளையாட்டுக் கையேடு என்று பொருள் கொள்கிறார். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

‘சோலோ லெவலிங்’ தொடரை எடுத்துக்கொள்ளலாம். சுகோங் எழுதிய நாவல் 2016இல் வெளிவரத் தொடங்கியது. அதன் படத்தொடர் 2018 முதல் 2021 வரை ஓடியது. வேட்டையாளர்களுள் கடைநிலையில் இருக்கும் சுங் ஜின்-வூவின் கண்முன்னே ஒரு நாள் ஒரு சாளரம் திறக்கிறது. இன்றைய பணி இது, செய்து முடித்தால் இன்ன பரிசு, செய்யத் தவறினால் இன்ன தண்டனை என்று அச்சாளரம் அறிவிக்கிறது. அவன் செய்கிறான், உயர்கிறான். இந்தச் சாளரம் இன்று ஒரு தொடருக்குரிய உத்தி மட்டுமன்று. ஒரு தலைமுறை மன்ஹ்வாக்களின் மூச்சு. அதன் உடன்பிறப்பு காலம் திரும்பும் கதை: தோற்றுச் செத்த நாயகன் இளமைக்கே மீண்டு, நடக்கப்போவதெல்லாம் தெரிந்தவனாய் இரண்டாம் முறை வாழத் தொடங்குகிறான். ‘எல்லாம் அறிந்த வாசகன்’ என்ற பொருளில் தலைப்பிட்ட மற்றொரு புகழ்பெற்ற தொடரில், கதாநாயகனே அந்த உலகத்தின் கதையை முன்கூட்டி வாசித்து முடித்த ஒரே வாசகன்.

இவற்றைக் கண்டதும் கல்விப்புலம் உடனே பண்பாட்டைத் துணைக்கு அழைக்கிறது. கொரியக் கதையில் கன்பூசியப் படிநிலை, ஜப்பானியக் கதையில் சென் மௌனம். மோதலின்றியே கதை நகரலாம் என்பதற்கு ‘கிஷோதென்கெத்சு’ என்ற நான்கு பகுதி அமைப்பு. அது சீனச் செய்யுளிலிருந்து சென்றது என்பது வசதியாக மறக்கப்படும். ஸ்காட் மெக்லவுட் 1993இல் தம் நூலில் மங்காவின் சட்டகமாற்றங்களை எண்ணிக் காட்டியதை எடுத்துக்கொண்டு ‘கிழக்கத்திய மனம்’ என்றொரு பொருளையே நிறுவிவிடுகிறார்கள். அடுத்த கருத்தரங்கில் மங்காவில் முல்லைத்திணை என்று ஒரு கட்டுரை வந்தாலும் வியப்பதற்கில்லை. அதைக் கைதட்டி வரவேற்கவும் ஆளிருக்கும்.

அஞ்சலட்டையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. 1968இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ இதழின் உள்ளே ஓர் அஞ்சலட்டை இருக்கும். அவ்விதழில் தனக்குப் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து வாசகன் அதைத் திருப்பி அனுப்பலாம். வாக்கு குறைந்த தொடர் சில மாதங்களுக்குள் நிறுத்தப்படும். 1990களின் நடுவில் அவ்விதழ் வாரந்தோறும் 65 லட்சம் படிகளைத் தாண்டி விற்ற உச்சத்திலும் இதே முறைதான். அகிரா தோரியாமாவின் ‘டிராகன் பால்’ (1984–1995) வேடிக்கையான பயணக் கதையாகத் தொடங்கியது. சண்டைப் போட்டி வந்த பிறகே அது பேரளவில் பிடிபட்டது. அதன்பின் போட்டிக்குமேல் போட்டி, பகைவனுக்குமேல் பெரும்பகைவன். ஒருவனுடைய வலிமையை எண்ணாக அளந்து காட்டும் கண்ணாடிக் கருவிகூட வந்து சேர்ந்தது. இந்த ஏணியைக் கட்டியது வாராவாரம் செத்துவிடுவோமோ என்ற அச்சம். கொரியாவில் அதே அச்சம் கைபேசிக்கு இடம் மாறியது. 2014இல் ககாவோபேஜ் கொண்டுவந்த ‘காத்திருந்தால் இலவசம்’ முறையில், காத்திருக்க முடியாதவன் அடுத்த அத்தியாயத்துக்குக் காசு கட்டுகிறான். ஆகவே ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசிப் படமும் அவனைக் காத்திருக்க முடியாதவனாக ஆக்க வேண்டும். கன்பூசியஸ் இதில் செய்வதற்கு அதிகமில்லை.

தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியும் அன்று. தினத்தந்தியில் 1960 முதல் வந்துகொண்டிருக்கும் ‘கன்னித்தீவு’ அதே விதியின் தூய வடிவம். சிந்துபாத் ஓர் ஆபத்திலிருந்து தப்பினால் இன்னோர் ஆபத்து நாளைக் காலை காத்திருக்கும். ஒருபோதும் முடியாத எதற்கும் ‘கன்னித்தீவு’ என்றே பேர் வைத்துப் பேசும் அளவுக்கு அத்தொடர் வழக்கில் கலந்துவிட்டது. ஆனால் கன்னித்தீவை வைத்துத் தமிழ் மனத்தின் முடிவின்மைக் கோட்பாடு என்று எவரும் ஆய்வேடு எழுதவில்லை. அது நாளிதழின் ஓரத்துக்காக வரையப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். தன் வீட்டில் தெரிந்த ஒன்று அயலாரிடம் காணும்போது மட்டும் தத்துவமாக மாறிவிடுவது விந்தை.

இத்தனையும் சொல்வதன் நோக்கம் மன்ஹ்வாவை மட்டம் தட்டுவதன்று. காலம் திரும்பும் கதைகளைச் சற்றுப் பொறுமையாக வாசித்தால், அவற்றின் அடியில் ஒரு வாக்குமூலம் இருப்பது தெரியும். ஒரே ஒரு முறை, நேர்மையாக, எதிர்காலம் தெரியாமல் வாழ்ந்தால் இந்த உலகில் வெல்ல முடியாது என்று அக்கதைகள் ஒப்புக்கொள்கின்றன. வெற்றிக்கு முன்னறிவு வேண்டும். முன்னறிவுக்கு மரணம் வேண்டும். 1997இன் நிதி நெருக்கடிக்குப் பின் வளர்ந்து, தேர்வுக்கும் வேலைக்கும் இடையே நசுங்கி, தங்கள் நாட்டையே ‘நரக ஜோசன்’ என்று அழைக்கத் தலைப்பட்ட ஓர் இளந்தலைமுறை இவ்வாறு கனவு காண்பதில் புரியாதது ஒன்றுமில்லை. அந்தச் சாளரமும் அப்படித்தான்: செய்த வேலைக்கு அன்றைக்கே, குறையாமல், சொன்னபடி கூலி கொடுக்கும் ஒரு முதலாளியைப் பற்றிய ஏக்கம் அது.

ஆய்வு மாணவர்கள் அதில் சொக்கிப்போவதற்கும் காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஏபிஐ என்ற புள்ளிமுறையைக் கொண்டுவந்த நாள்முதல் கட்டுரைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, கருத்தரங்குக்கு இவ்வளவு என்று ஆசிரியனின் தலைக்குமேல் ஒரு சாளரம் மிதந்துகொண்டிருக்கிறது. விதிகள் பின்னர் மாறின, புள்ளி போகவில்லை. வேறுபாடு ஒன்றுதான்: சுங் ஜின்-வூவுக்குப் புள்ளி சேர்ந்தால் ஆற்றல் சேர்கிறது. இங்கே புள்ளி சேர்ந்தவனுக்கு வேலை கிடைக்கும் என்றும் உறுதியில்லை. அறிவின் உழைப்பையே படிநிலை எண்ணாகக் காணப் பழகிய ஒரு வகுப்பறை, அப்பழக்கத்தை அழகியல் அளவுகோலாக மாற்றிக்கொண்டு இலக்கியத்துக்குள் எடுத்து வரும்போதுதான் கேடு தொடங்குகிறது.

அந்தக் கேட்டுக்குச் சான்று ஆய்வேடுகளின் பொருளடக்கம். ‘பாத்திர வளர்ச்சி’ என்று ஓர் இயல் இல்லாத நாவல் ஆய்வு அரிது. இந்த இயல் மங்காவுக்கு முந்தியது. பழைய ஆங்கிலப் பாடநூல்களின் எச்சம். மங்கா வாசிப்பு அதற்குப் புது இரத்தம் பாய்ச்சியிருக்கிறது. இப்போது கேட்கப்படுவது: இவன் எங்கே தொடங்கினான், எந்த நிலைக்கு வந்தான், எந்தக் காயம் இவனை இப்படி ஆக்கியது? ‘புனலும் மணலும்’ (1974) நாவலிடம் இக்கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஆற்றில் மணல் வாரிப் பிழைக்கும் அங்குசாமி, தன் மனைவியின் மகள் பங்கியை அவளுடைய அவலட்சணத்துக்காகவே வெறுக்கிறான். அவள் செய்த தீங்கு எதுவுமில்லை. வெறுப்புக்கு ஈடாக வைக்கத்தக்க சிறுவயதுக் காயம் எதையும் ஆசிரியர் அவனுக்குப் பரிசளிக்கவில்லை. நாவல் முன்னே செல்லச் செல்ல மனம் கனியும் என்று காத்திருக்கும் வாசகர் ஏமாறுவார். அங்குசாமியிடத்தில் வளர்வது வெறுப்பு மட்டுமே. இந்நாவலில் பாத்திர வளர்ச்சி குறைவு என்று எழுதும் ஆய்வாளர் தாம் குற்றம் கண்டதாக நினைக்கிறார். நாவலின் முதுகெலும்பையே அவர் தொட்டுவிட்டு நகர்கிறார்.

இதைவிடக் கூர்மையான ஒப்பீடு ஒன்று உண்டு. ‘கிமெட்சு நோ யாய்பா’ (2016–2020) தொடரில் ஓர் அரக்கன் வெட்டுண்டு தலை சாயும்போது கதை நின்றுவிடும். அவன் மனிதனாயிருந்த காலம், ஏழைமை, இழந்த தங்கை அல்லது தந்தை, முதல் அநீதி எல்லாம் வரிசையாக வரும். பின் அவன் சாம்பலாகிறான். வாசகர் கண்ணீர் விடுகிறார். ஒருமுறை வாசிக்கையில் இது உருக்கமானது. பத்தாம் முறை வாசிக்கையில் இது வரிவசூல். கொலைகளின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் கடைசி ஆறு பக்கத்தில் கணக்கு நேராகிவிடும். கடந்தகாலம் என்பது மரணத்துக்குச் சற்றுமுன் நீட்டப்படும் மன்னிப்புச் சீட்டு.

மாதவனின் ‘எட்டாவது நாள்’ குறுநாவலும் இதே சட்டகத்தில் நிற்கிறது என்பதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சாளைப் பட்டாணி என்ற முன்னாள் போக்கிரி நோய்ப்படுக்கையில் கிடந்து, சாவை எண்ணிக்கொண்டு, தன் வாழ்வைத் திரும்பிப் பார்க்கிறான். அரக்கனின் ஆறு பக்கம் இங்கே முழுக் கதையாக விரிந்திருக்கிறது. எனில், அதே உத்தி ஏன் அதே விளைவைத் தரவில்லை? பட்டாணியின் நினைவுகள் காரணங்களாக அடுக்கப்படவில்லை. சந்தையில் நடந்தது, அடித்தது, அனுபவித்தது, ஏமாந்தது எல்லாம் அவனுக்கு வாழ்ந்ததாகவே திரும்புகின்றன, விளக்கமாகத் திரும்புவதில்லை. அவன் நல்லவனாயிருந்திருக்கக்கூடும் என்று கதை இரகசியமாகக் காதில் சொல்வதில்லை. வாசகர் அவனை மன்னிக்கவும் வேண்டியதில்லை, வெறுக்கவும் வேண்டியதில்லை. படுக்கையின் பக்கத்தில் இருந்துவிட்டு வர வேண்டும், அவ்வளவே. ‘பாச்சி’ என்ற சிறுகதையில் தெருவில் வாழும் ஒருவனுக்கும் அவனுடைய நாய்க்கும் இடையிலான உறவை அவர் கையாளும் விதமும் இத்தகையதே. அங்கும் துயரம் எதையும் நிரூபிக்க வரவில்லை. மாதவன் எழுதிய அனைத்தும் இத்தரத்தன என்று சொல்வதற்கில்லை. ‘கிருஷ்ணப் பருந்து’ (1980) நாவலில் குருசாமியின் அடக்கிவைத்த ஆசை சில இடங்களில் குறியீட்டின் கனத்தில் அழுந்திப்போகிறது. சாலைக் கதைகளில் அந்தக் கனம் கிடையாது.

இதற்கு வரக்கூடிய மறுப்பு தெரிந்ததே: எழுத்துக் கதையையும் படக்கதையையும் ஒப்பிடுவது முறையன்று, ஊடகம் வேறு. அவ்வாறாயின் படக்கதையையே அழைக்கலாம். மாதவன் பிறந்ததற்கு அடுத்த ஆண்டில், 1935இல், ஓசாக்காவில் பிறந்தவர் யோஷிஹிரோ தட்சுமி. வாடகை நூலகங்களுக்குப் படக்கதை வரைந்து பிழைத்தவர். தம் கதைகள் சிறுவர்களுக்கானவை அல்ல என்று காட்ட 1957இல் ‘கெகிகா’ என்ற சொல்லை உருவாக்கியவர். 1969இல் அவர் வரைந்த கதைகள் பெரும்பாலும் எட்டே பக்கம். சாக்கடையில் வேலை செய்பவன், இயந்திரத்தின் முன் நிற்பவன், நெரிசல் இரயிலுக்குள் பயணிகளைப் பிடித்துத் தள்ளுவதையே தொழிலாகக் கொண்டவன். நாயகனுக்குக் கிட்டத்தட்ட ஒரே முகம். அவன் பல கதைகளில் வாயே திறப்பதில்லை. அவன் வலிமை பெறுவதில்லை. காலத்தில் திரும்பிப் போவதில்லை. சாகும்போது தாயை நினைத்து அழுவதில்லை. ஜப்பான் பொருளாதார அதிசயம் என்று உலகம் வியந்த ஆண்டுகளில் அவ்வதிசயத்தின் அடியில் கிடந்தவர்கள் அவர்கள். ஏறத்தாழ அதே ஆண்டுகளில், ஒருவரையொருவர் அறியாமல், சாலையில் ஒரு கடைக்காரர் அதே மனிதர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

ஆகவே ஏணி ஊடகத்தின் இயல்பன்று. மன்ஹ்வாவுக்கும் இது பொருந்தும். யுன் தே-ஹோவின் ‘மிசேங்’ 2012இல் இணையத் தொடராக வந்தது. ‘இன்னும் உயிர்பெறாத காய்’ என்று படுக் ஆட்டத்தில் வழங்கும் சொல் அதன் தலைப்பு. தொழில்முறை ஆட்டக்காரனாக முடியாமற்போன ஜாங் கு-ரே, பட்டமில்லாமல் ஒரு வணிக நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியனாகச் சேர்கிறான். அவன் கடுமையாக உழைக்கிறான், நுட்பமாகச் சிந்திக்கிறான், உடனிருப்போர் அவனை மதிக்கத் தொடங்குகிறார்கள். அவனுடைய ஒப்பந்தம் நிரந்தரமாவதில்லை. சாளரம் திறக்கவேயில்லை. அத்தொடர் கொரியாவில் பெரும் வரவேற்பைப் பெற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாசகன் ஏணியைத்தான் கேட்கிறான் என்ற சாக்கை அது பறித்துவிடுகிறது.

சந்தைதான் கதையைக் கெடுத்தது என்று முடித்துவிடுவோரும் உண்டு. அது மூத்த பேராசிரியருக்கு இனிக்கும் முடிவு. ஆனால் மாதவன் சந்தைக்கு வெளியிலிருந்து எழுதியவர் அல்லர். விலை சொல்லி, பேரம் பேசி, பாத்திரத்தைத் தட்டிக் காட்டி, கல்லாவில் உட்கார்ந்து, அந்த இடைவெளிகளில் தெருவைப் பார்த்து எழுதியவர். அவருடைய வயிறு சந்தையை நம்பியிருந்தது, கதைகள் நம்பியிருக்கவில்லை. கதை அடுத்த வாரமும் விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், ஒரு சுமைக்காரன் மறுநாளும் சுமைக்காரனாகவே இருக்க அவரால் அனுமதிக்க முடிந்தது. தட்சுமிக்கு அந்த வசதியும் கிடையாது. அவர் பக்கக் கூலிக்கு வரைந்தவர்; அவ்வகையில் அவருடைய துணிவு இன்னும் பெரிது.

இங்குள்ள நிறுவனங்கள் இதை உணர்ந்தனவா என்றால், 2015இல் சாகித்திய அகாதெமி தன் 81ஆம் வயதிலிருந்த மாதவனுக்கு விருது கொடுத்தபோது தேர்ந்தெடுத்த நூல் ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரைத் தொகுப்பு. சாலைக் கதைகள் வெளிவந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தட்சுமி அதே ஆண்டில் காலமானார். ஒப்பிலக்கியத் துறைகள் மங்காவைத் தொடும்போது இன்றும் நாயகப் பயண வட்டம் ஒன்றை வரைந்து, ஒருபக்கம் காப்பிய நாயகனையும் மறுபக்கம் ஷோனென் நாயகனையும் ஒட்டி, பொருத்தம் பார்த்து அனுப்பிவிடுகின்றன. சாதகப் பொருத்தம் பார்ப்பவர்களாவது சில பொருத்தங்களை இல்லை என்று சொல்வார்கள்.

கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை காரியவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து சாலைக்கு ஒரே பேருந்துப் பயணம். தட்சுமியின் எட்டுப் பக்கக் கதைகளில் ஐந்தையும் மாதவனின் சாலைக் கதைகளில் ஐந்தையும் ஒரே தாளில் பாடமாக வைப்பதற்குப் பாடத்திட்டக் குழுவின் ஓர் அமர்வு போதும். அந்தத் தாளின் தேர்வில் கேட்கக்கூடாத வினா ஒன்றை இப்போதே குறித்து வைக்கலாம்: சாளைப் பட்டாணியின் பாத்திர வளர்ச்சியை விளக்குக, மதிப்பெண் 16.